பிளவுண்ட ஐரோப்பாவில் சுற்றுலா

நீங்கள் 1975ஆம் ஆண்டில் மேற்கு பெர்லின் நகருக்குச் சுற்றுலா சென்றிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சுற்றிக் காட்டும் பேருந்து உங்களை அரண்மனைக்கும் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்லும். பிறகு, தவறாமல், ஒரு சுவரின் அருகே கொண்டு போய் நிறுத்தும். அங்கே மரத்தாலான மேடை ஒன்று இருக்கும். படியேறி நின்று பார்த்தால், சுவருக்கு அப்பால் மணல் பரப்பிய வெற்றிடம், ஒரு காவல் கோபுரம், அதற்கும் அப்பால் இன்னொரு சுவர், அதன் பின்னே கிழக்கு பெர்லின் வீடுகளின் சன்னல்கள். கோபுரத்துக் காவலர் தொலைநோக்கியை உங்கள் பக்கம் திருப்புவார். நீங்கள் அவரைப் படமெடுப்பீர்கள். கீழே இறங்கினால் பட அஞ்சலட்டை விற்கும் கடை இருக்கும்.

கோயிலையும் கோட்டையையும் காட்டிப் பயணிகளை அழைப்பது உலக வழக்கம். தன் காயத்தைக் காட்டி அழைத்த நகரங்கள் குறைவு. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஐரோப்பாக் கண்டம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்தக் காலத்தில் அதனூடே பயணம் செய்தவர்கள் எதைக் கண்டார்கள்? கண்டதற்குப் பொருள் சொன்னவர்கள் யார்? அந்தப் பொருள் எவ்வளவு தூரம் சரி? இவற்றைப் பார்ப்போம்.

கோடு விழுந்த கதை

1946ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள புல்டன் என்னும் சிற்றூரில் வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பால்டிக் கடலோரத்து ஸ்டெட்டின் முதல் ஏட்ரியாட்டிக் கடலோரத்து டிரியெஸ்ட் வரை கண்டத்தின் குறுக்கே ஓர் இரும்புத் திரை இறங்கியிருக்கிறது என்றார். அப்போது அது வெறும் உவமைதான். 1949இல் ஜெர்மனி இரண்டு நாடுகளாயிற்று. 1952இல் கிழக்கு ஜெர்மனி தன் மேற்கு எல்லையை அடைத்தது. எல்லையை ஒட்டி ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்குத் தடை வளையம் ஏற்பட்டது. அதற்குள் வாழும் உறவினரைப் பார்க்கக்கூட அனுமதிச் சீட்டு வேண்டும். இந்த எல்லையின் நீளம் 1393 கிலோமீட்டர்.

பெர்லின் நகரில் மட்டும் வழி திறந்திருந்தது. 1949க்கும் 1961க்கும் இடையே இருபத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேறினர். 1961 ஆகஸ்ட் 13ஆம் நாள் அந்த வழியிலும் முள்வேலி போடப்பட்டது. பிறகு அது கான்கிரீட் சுவராயிற்று. அச்சுவரில் உயிரிழந்தவர்கள் குறைந்தது 140 பேர் என்று வரலாற்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். மேடையிலிருந்து பயணிகள் கண்ட மணற்பரப்பு அழகுக்காகப் போடப்பட்டதன்று. அது நாள்தோறும் சீராக வாரிவிடப்பட்டது. யாரேனும் கடந்தால் காலடிச் சுவடு பதிய வேண்டும் என்பதற்காக.

இதே காலத்தில்தான் ஐக்கிய நாடுகள் சபை 1967ஆம் ஆண்டை உலகச் சுற்றுலா ஆண்டாக அறிவித்து, சுற்றுலாவை அமைதிக்கான கடவுச்சீட்டு என்று வருணித்தது. அவ்வாண்டிலேயே யுகோஸ்லாவியா, பொதுவுடைமை நாடுகளில் முதன்முதலாக, அயல்நாட்டுப் பயணிகளுக்கு விசா தேவையில்லை என்று கூறிக் கதவைத் திறந்தது. திரை எங்கும் ஒரே கனத்தில் இல்லை.

மேடையும் வரைபடமும்

மேற்கே மேடை கட்டியவர்களுக்கு ஒரு நோக்கம் இருந்தது. "அடுத்த பக்கத்து ஆட்சி தன் மக்களையே பூட்டி வைத்திருக்கிறது, நீங்களே பாருங்கள்" என்பது அதன் பாடம். பெர்லினில் மட்டுமன்று, 1393 கிலோமீட்டர் எல்லை நெடுகிலும் பல இடங்களில் பார்வை மேடைகளும், விளக்கப் பலகைகளும் எழுந்தன. பள்ளி மாணவர்கள் பேருந்துகளில் அழைத்து வரப்பட்டனர். ஓர் ஓடையால் இரண்டாகப் பிரிந்த மோட்லராய்ட் என்னும் குக்கிராமம் இதற்குப் பெயர் போனது. அதன் நடுவே 1966இல் சுவர் எழுந்தது. அமெரிக்கர்கள் அதைச் 'சின்ன பெர்லின்' என்றார்கள்.

கிழக்கே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1963 ஜூன் 26ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, பிராண்டன்பர்க் வாயிலின் எதிரே அமைந்த மேடையில் ஏறினார். அப்போது அவர் கண்டது என்ன தெரியுமா? வாயிலின் தூண்களுக்கு இடையே தொங்கவிடப்பட்டிருந்த பெரிய சிவப்புத் துணிகளை! அப்பால் உள்ள தெரு அவர் கண்ணில் படக்கூடாது என்று கிழக்கு ஜெர்மனி செய்த ஏற்பாடு அது. கிழக்கின் விருந்தினரும் மறுபக்கத்திலிருந்து அதே வாயிலுக்கு அழைத்து வரப்பட்டனர். அவர்களுக்குச் சொல்லப்பட்ட பாடம் வேறு: இது 'பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண்', மேற்கிலிருந்து வரும் ஒற்றர்களைத் தடுக்கக் கட்டியது. ஒரே சுவர், இரு வழிகாட்டிகள். கிழக்கு பெர்லினில் குடியிருந்த சாதாரண மக்களுக்கு மட்டும் எந்த மேடையும் இல்லை. அவர்கள் சுவரை நெருங்கவே முடியாது.

சுற்றுலாப் பயணியின் கையில் இருந்த வரைபடமும் ஒரு கட்சியைச் சேர்ந்ததாகவே இருந்தது. கிழக்கு பெர்லினில் அச்சிட்ட நகரப் படத்தை விரித்தால், கிழக்குப் பாதியில் தெருக்களும் பூங்காக்களும் நிறைந்திருக்கும். மேற்குப் பாதியில் வெள்ளைத் தாள்தான். இருபது லட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரம் படத்தில் பாலைவனமாகக் கிடந்தது. பெயரில்கூடப் போட்டி. கிழக்கத்தியர் 'வெஸ்ட்பெர்லின்' என்று ஒரே சொல்லாக எழுதினர், அது தனி ஊர் என்று காட்ட. மேற்கத்தியர் முதலில் 'பெர்லின்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'மேற்கு' என்று சேர்த்தனர், நகரம் ஒன்றே என்று காட்ட. மேற்கு ஜெர்மனியின் சில நாளேடுகள் கிழக்கு ஜெர்மனியின் பெயரைப் பல்லாண்டுகள் மேற்கோள் குறிகளுக்குள்ளேயே அச்சிட்டு வந்தன.

சோவியத் யூனியனில் இது இன்னும் ஒரு படி மேலே சென்றது. பொதுமக்களுக்காக அச்சிட்ட படங்களில் ஆறுகளும் சாலைகளும் வேண்டுமென்றே இடம் மாற்றி வரையப்பட்டிருந்தன. எதிரியின் விமானிக்கு உதவக்கூடாது என்பது காரணம். சுமார் ஐம்பது ஆண்டுகள் இப்படிச் செய்ததை 1988இல் அந்நாட்டின் தலைமை வரைபட அதிகாரி விக்டர் யாஷ்சென்கோ செய்தியாளரிடம் ஒப்புக்கொண்டார். விந்தை என்னவென்றால், 1972 முதலே அமெரிக்காவின் லாண்ட்சாட் செயற்கைக்கோள்கள் பூமி முழுவதையும் படமெடுத்து வந்தன. எதிரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வழி தவறியவர்கள் உள்ளூர்க்காரரும் சுற்றுலாப் பயணிகளுந்தான்.

சாவடியில் நடந்தது

மேற்கு பெர்லின் ஒரு தீவு போன்றது; நாற்புறமும் கிழக்கு ஜெர்மனி. மேற்கு ஜெர்மனியிலிருந்து காரில் வருபவர்கள் ஹெல்ம்ஸ்டெட் அருகே மாரியன்பார்ன் சாவடியில் நுழைந்து, சுமார் 170 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்ல வேண்டும். சாலையை விட்டு விலகக் கூடாது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே நிற்கலாம். நுழைந்த நேரம் குறிக்கப்படும். வெளியேறத் தாமதமானால் கேள்வி வரும். சாவடியில் கடவுச்சீட்டை வாங்கி, மூடிய குழாய் போன்ற அமைப்பினுள் ஓடும் வார்ப்பட்டையில் வைத்துவிடுவார்கள். உங்கள் கையை விட்டுப் போன சீட்டு எங்கோ ஓர் அறைக்குப் போய், நீங்கள் நகர நகர, அடுத்த சன்னலில் வந்து சேரும். இந்தக் காத்திருப்பே பயணிகளின் நினைவில் ஆழப் பதிந்தது. 1972இல் நடைமுறைக்கு வந்த வழிப்போக்கு ஒப்பந்தத்திற்குப் பின் கெடுபிடி குறைந்தது. தனித்தனியே கட்டணம் வாங்குவதற்குப் பதிலாக மேற்கு ஜெர்மன் அரசே ஆண்டுதோறும் மொத்தத் தொகை செலுத்தியது.

பயணிகள் அறியாத ஒன்றும் அங்கே நடந்தது. காரின் பின்பெட்டியில் ஆளை ஒளித்துக் கொண்டு போகிறார்களா என்று கண்டறிய, பல சாவடிகளில் சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருளைக் கிழக்கு ஜெர்மனி மறைவாகப் பொருத்தியிருந்தது. அதிலிருந்து வரும் காமாக் கதிர்கள் காரின் மெல்லிய தகட்டை எளிதில் ஊடுருவும். மனித உடல் அவற்றை ஓரளவு தடுக்கும். மறுபக்கம் இருந்த உணர்கருவி அந்த வேறுபாட்டை நிழலாகக் காட்டும். மெதுவாக ஓட்டும்படி சொல்லப்பட்டவர்கள் எதற்காக என்று அறியாமலே கதிர்களின் குறுக்கே கடந்து சென்றனர். ஜெர்மனி ஒன்றான பிறகே இச்செய்தி வெளிவந்தது. ஆராய்ந்த வல்லுநர் குழு, கதிர் அளவு மிகக் குறைவு, உடல்நலக் கேடு இல்லை என்று கூறியது. அளவு குறைவென்பது ஆறுதல்தான். குழந்தைகளோடு சென்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்ததை அந்த ஆறுதல் மறைத்துவிடாது.

இருபத்தைந்து மார்க்கை என்ன செய்வது?

மேற்கு பெர்லினுக்கு வந்தவர் ஒரு பகல் மட்டும் கிழக்கைப் பார்த்துவர விரும்பினால், ஒருநாள் விசா வாங்கலாம். நள்ளிரவுக்குள் திரும்பிவிட வேண்டும். ஆனால் வெறுங்கையோடு போக முடியாது. 1964 டிசம்பர் முதல், குறிப்பிட்ட அளவு மேற்கு ஜெர்மன் மார்க்கைக் கிழக்கு மார்க்காக மாற்றிக்கொள்வது கட்டாயமாயிற்று. 1980 அக்டோபரில் இது நாளொன்றுக்கு 25 மார்க்காக உயர்ந்தது. ஒன்றுக்கு ஒன்று என்பது அரசின் விகிதம். வெளியே மேற்கு மார்க்கின் மதிப்பு அதைப்போல் பல மடங்கு. மீந்த பணத்தை வெளியே கொண்டு வரவும் கூடாது.

ஆகவே பயணிகளுக்கு ஒரு விசித்திரமான கவலை பிடித்தது: மாலைக்குள் இந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது? சிறு ரொட்டி ஒன்று 5 பென்னிக். நகர ரயிலிலும் டிராமிலும் 20 பென்னிக். நாள் முழுதும் சாப்பிட்டுச் சுற்றினாலும் பணம் தீராது. கடைசியில் பலர் புத்தகக் கடைக்குப் போய்ச் செவ்வியல் இலக்கியப் பதிப்புகளையும், இசைத்தட்டுகளையும், இசைக் குறிப்பு ஏடுகளையும் வாங்கிக்கொண்டு திரும்பினர்.

எந்த வழிகாட்டியும் சொல்லாத பாடத்தைப் பயணி கற்றது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ரொட்டிக்கும் ரயிலுக்கும் அரசு மானியம் கொடுத்து விலையை அடிமட்டத்தில் வைத்திருந்தது, வாடகையும் குறைவு. ஆனால் வாழைப்பழம் எப்போதாவதுதான் கிடைக்கும். டிராபண்ட் கார் ஒன்றுக்குப் பெயர் பதிந்துவிட்டுப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அயல்நாட்டுப் பணம் வைத்திருந்தவர்களுக்கு 'இண்டர்ஷாப்' என்னும் தனிக் கடைகளில் மேற்கத்தியப் பொருள்கள் தாராளமாகக் கிடைத்தன. சொந்த நாட்டுப் பணத்தைச் சொந்த நாட்டு அரசின் கடையே வாங்க மறுத்தது. சுவர் மேடையில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தவரைவிட, 25 மார்க்கோடு ஒரு பகல் அலைந்தவர் அந்தச் சமுதாயத்தைச் சற்று அதிகம் புரிந்துகொண்டார். அதன் நல்லதையும் சேர்த்து.

இன்னொரு விந்தையையும் சொல்ல வேண்டும். மேற்கு பெர்லினின் சுரங்க ரயில் தடங்கள் சில, கிழக்கு பெர்லினின் அடியில் புகுந்து மீண்டும் மேற்கே வெளிப்பட்டன. இடைப்பட்ட நிலையங்கள் மூடப்பட்டிருந்தன. ரயில் அங்கே நிற்காது. மெதுவாகக் கடக்கும்போது மங்கிய வெளிச்சத்தில் காவலர் நிற்பது தெரியும். பெர்லின்வாசிகள் இவற்றைப் 'பேய் நிலையங்கள்' என்றனர். பிரீட்ரிக் தெரு நிலையம் ஒன்றில் மட்டும் ரயில் மாறலாம், எல்லையும் கடக்கலாம்.

அந்த நிலையத்தில் 1980களில் தமிழர்களும் வந்து நின்றார்கள். 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து தப்பியோரில் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினர். கிழக்கு ஜெர்மனி அவர்களுக்கு வழிப்போக்கு விசா கொடுத்தது. பிரீட்ரிக் தெருவில் ரயில் ஏறி மேற்கு பெர்லினில் இறங்கினால், அங்கே கடவுச்சீட்டைப் பார்க்க யாருமில்லை! காரணம், மேற்குத் தரப்பின் கொள்கைப்படி பெர்லின் ஒரே நகரம். அதன் நடுவே சாவடி போட்டுச் சோதித்தால் அதை நாட்டு எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சட்ட அறிஞர்களின் இந்த வழக்காடலில் ஒரு கதவு திறந்து கிடந்தது. தமிழர்கள் அதன் வழியே சென்று புகலிடம் கோரினர். 1985 ஜூலையில், மேற்கு ஜெர்மனியின் நுழைவு அனுமதி இல்லாத தமிழர்களுக்கு வழி விடுவதில்லை என்று கிழக்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு பிற நாட்டு அகதிகளுக்கும் அந்தக் கதவு சாத்தப்பட்டது. சுற்றுலாப் பயணி கதை சொல்லக் கொண்டுபோன அதே நிலையம், இவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

தவறாகப் படித்த அடையாளங்கள்

இனி இன்னும் கிழக்கே செல்வோம். பாரிசிலிருந்து மாஸ்கோவுக்கு ரயிலில் போகிறவர்கள், போலந்தைக் கடந்து பிரெஸ்ட் நகரை அடைந்ததும் ஓர் அனுபவத்தைப் பெற்றனர். பயணிகள் உள்ளே இருக்கும்போதே பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூக்கப்படும். அடியிலுள்ள சக்கரத் தொகுதியை உருட்டி எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவார்கள். மேற்கு ஐரோப்பாவின் இருப்புப்பாதை அகலம் 1435 மில்லிமீட்டர். சோவியத் யூனியனில் 1520. வேறுபாடு 85 மில்லிமீட்டர்தான். அதற்காக இரண்டு மணி நேரம்.

'இங்கே வேறொரு உலகம் தொடங்குகிறது' என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று பயணிகள் பலர் எண்ணிக்கொண்டனர். ஆனால் அந்த அகலம், பொதுவுடைமை ஆட்சிக்கு நெடுங்காலம் முன்பே, 1851இல் திறக்கப்பட்ட பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ பாதைக்காக ஜார் மன்னர் காலத்தில் தேர்ந்தெடுத்தது. பொறியாளர்கள் ஐந்து அடி என்று முடிவு செய்தார்கள், அது நிலைத்துவிட்டது. இரும்புத் திரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எதைக் கண்டாலும் அரசியலின் கண்ணாடி வழியே பார்ப்பது அந்தக் காலப் பயணிகளுக்குப் பழகிப்போயிருந்தது.

மாஸ்கோ ஓட்டல்களின் மாடிதோறும் ஒரு மூதாட்டி மேசை போட்டு உட்கார்ந்து, அறைச் சாவிகளை வாங்கி வைப்பார். மேற்கத்தியப் பயணிகள் இவரை ஒற்றர் என்றே எழுதினர். ஒற்றுச் சொல்வதும் நடந்திருக்கலாம். ஆயினும் உள்நாட்டவர் தங்கும் ஓட்டல்களிலும் அதே மேசை, அதே சாவிகள். கட்டுப்பாடு உண்மையாக இருந்த இடங்கள் வேறு. 1929இல் தொடங்கிய 'இண்டூரிஸ்ட்' நிறுவனத்திடம் படுக்கை, உணவு, வழிகாட்டி அனைத்துக்கும் முன்கூட்டியே பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். எந்த ஊர், எத்தனை நாள் என்பது புறப்படும் முன்பே முடிவாகிவிடும். நாட்டின் பெரும்பகுதி அயல்நாட்டாருக்கு மூடப்பட்டிருந்தது; விளாடிவாஸ்டாக் துறைமுகம் 1992இல்தான் திறந்தது. இந்த ஏற்பாட்டில் ஒருமுறை பெரிய இடைவெளி விழுந்தது. 1957 கோடையில் மாஸ்கோவில் நடந்த உலக இளைஞர் விழாவுக்குச் சுமார் 34,000 அயல்நாட்டார் வந்தனர். வழிகாட்டிகள் போதவில்லை. இரண்டு வாரம் தெருக்களில் மக்கள் நேருக்கு நேர் பேசினர்.

எதிர்த் திசையில் பயணம்

இதுவரை மேற்கிலிருந்து கிழக்கே போனவர்களைப் பார்த்தோம். எதிர்த் திசையில் போக விரும்பியவர்களின் நிலை என்ன? ஒரு சோவியத் குடிமகன் அயல்நாட்டுச் சுற்றுலாவுக்கு மனுச் செய்தால், அவர் நடத்தையைப் பற்றி வேலை செய்யும் இடத்திலிருந்து சான்று வேண்டும். குழுவாகத்தான் போகலாம். கிழக்கு ஜெர்மனியில் 1964 முதல் ஓய்வூதியம் பெறுவோர் மட்டும் மேற்கே உறவினரைப் பார்த்துவர அனுமதிக்கப்பட்டனர். இதன் கணக்கு எளிது: வயதானவர் திரும்பி வராவிட்டால் அரசுக்கு உழைப்பாளி ஒருவர் குறைய மாட்டார், ஓய்வூதியம் மிச்சமாகும். மற்றவர்களுக்கு நெருங்கிய உறவினரின் திருமணம், மரணம் போன்ற காரணம் வேண்டும்.

ஆகவே கிழக்கு ஜெர்மானியர் விடுமுறைக்குத் தெற்கே போனார்கள். பல்கேரியாவின் கருங்கடற்கரைக்கும் ஹங்கேரியின் பாலட்டோன் ஏரிக்கும். அந்த ஏரிக்கரையில் ஒரு குடும்பச் சந்திப்பே நடந்தது. ஹாம்பர்கிலிருந்து அண்ணனும், லைப்சிக்கிலிருந்து தம்பியும் ஆளுக்கொரு வழியில் வந்து ஒன்றாக நீந்தினார்கள். ஆனால் அங்கும் பணம் அவர்களைப் பிரித்தது. அண்ணனின் மார்க்குக்கு ஓட்டலில் அறை. தம்பிக்குக் குறைந்த அளவு ஹங்கேரிப் பணமே மாற்றிக்கொள்ள அனுமதி. அவர் கூடாரத்தையும் டின்னில் அடைத்த உணவையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்.

1988 ஜனவரியில் ஹங்கேரி தன் குடிமக்களுக்கு உலகெங்கும் செல்லத்தக்க கடவுச்சீட்டை வழங்கியது. அப்படியானால் ஆஸ்திரிய எல்லையில் இருந்த மின் எச்சரிக்கை வேலி யாருக்காக? அது துருப்பிடித்திருந்தது, முயலும் மானும் உரசினாலும் அபாய மணி அடித்தது. பழுது பார்க்க அயல்நாட்டுச் செலாவணி வேண்டும். தலைமை அமைச்சர் மிக்லோஷ் நெமெத் வரவு செலவுத் திட்டத்திலிருந்து அச்செலவை நீக்கினார். 1989 மே 2ஆம் நாள் வேலியைப் பிரிக்கத் தொடங்கினர்.

அந்தக் கோடையில் பாலட்டோனுக்கு வந்த கிழக்கு ஜெர்மானியர் பலர் விடுமுறை முடிந்தும் ஊர் திரும்பவில்லை. ஆகஸ்ட் 19ஆம் நாள் ஷோப்ரோன் அருகே எல்லையில் ஒரு வனபோஜன விழா நடந்தது. மூன்று மணி நேரத்துக்கு வாயிலைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. அறுநூறுக்கு மேற்பட்டோர் அதன் வழியே ஓடினர், காவலர்கள் சுடவில்லை. செப்டம்பர் 11இல் ஹங்கேரி எல்லையை முழுதாகத் திறந்தது. அம்மாத முடிவுக்குள் 20,000க்கு மேற்பட்டோர் கூடாரங்களையும் டிராபண்ட் கார்களையும் வழியில் விட்டுவிட்டும், ஓட்டிக்கொண்டும் மேற்கே சென்றனர். இவர்கள் அனைவரும் தாள்களின்படி உல்லாசப் பயணிகள்!

லைப்சிக் ஊர்வலங்களில் 'ஹவாய் வரை விசா வேண்டாம்' என்ற முழக்கம் எழுந்தது. நவம்பர் 9ஆம் நாள் மாலை, ஆளுங்கட்சியின் குந்தர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர் கூட்டத்தில் படித்த தாளும் ஒரு பயண விதிதான். எப்போது நடைமுறைக்கு வரும் என்று கேட்டதற்கு, 'உடனே' என்று சொல்லிவிட்டார். அன்றிரவு மக்கள் சாவடிகளில் திரண்டனர். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் முதலில் விடப்பட்டவர்களின் அடையாளச் சீட்டில், புகைப்படத்தின் மீதே முத்திரை குத்தப்பட்டது. இவர்கள் இனித் திரும்ப முடியாது என்பது அதன் பொருள். அவர்களுக்கு அது தெரியாது. ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டில் தூங்கும் பிள்ளைகளிடம் திரும்ப எண்ணியவர்கள் அவர்கள். இரவு பதினொன்றரை மணியளவில் கூட்டம் தாங்காமல் சோதனையே கைவிடப்பட்டது. முத்திரை விழுந்தவர்களும் வீடு திரும்பினர்.

இன்று பெர்லினுக்குச் செல்லும் பயணிகள் கேட்கும் முதல் கேள்வி, சுவர் எங்கே இருந்தது என்பதுதான். தெருவில் இரட்டை வரிசையாகப் பதித்த கற்கள் அதைக் காட்டுகின்றன. பாதசாரி விளக்கில் தொப்பியணிந்த சிறு மனிதனைக் கண்டால் நீங்கள் கிழக்கே நிற்கிறீர்கள் என்று ஒரு காலத்தில் சொல்லிவிடலாம். இப்போது மேற்குத் தெருக்களிலும் அந்த மனிதனைப் பொருத்திவிட்டதால் அதை நம்ப முடியாது. 2013 ஏப்ரலில் விண்வெளி நிலையத்திலிருந்து கனடா நாட்டு விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்பீல்ட் எடுத்த இரவுப் படத்தில், நகரின் கிழக்குப் பாதி சோடிய ஆவி விளக்குகளால் மஞ்சளாகவும், மேற்குப் பாதி ஒளிர்குழல் விளக்குகளால் வெண்மையாகவும் தெரிந்தது. விளக்குகளை மாற்றி வருகிறார்கள்.